மேடை வரிசைக்கு முன்பே குடும்பப் படம்: வடபழனித் திருமணம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை காலை 6 முதல் 7.30 வரை முகூர்த்தம், முந்தைய நாள் வியாழன் மாலை 6.30-க்கு வரவேற்பு. மண்டபம் வடபழனியில். முதல் மாடியில் மேடை, தரைத்தளத்தில் சாப்பாட்டுக் கூடம், அதற்கு முன்னால் நான்கு கார் நிற்கும் அளவுக்கு அகலமான, மேலே காங்கிரீட் கூரை போட்ட போர்டிகோ. பெண் வீட்டார் மதுரைப் பக்கம், இப்போது மேற்கு மாம்பலத்தில் இருக்கிறார்கள். மாப்பிள்ளை வீடு போரூர், அவருடைய அப்பா வழிச் சொந்தம் எல்லாம் திண்டிவனம் சுற்றுவட்டாரம். பெண்ணின் அம்மா, கல்யாணப் படம் எடுக்கும் எங்களிடம் முதலில் பேசியபோதே ஆல்பம் எத்தனை ஷீட், ட்ரோன் உண்டா என்றெல்லாம் கேட்கவில்லை. "பெரியவ கல்யாணத்துல ரெண்டாயிரம் போட்டோ இருக்கு தம்பி, எங்க மாமியாரும் அவங்க பிள்ளைங்க அஞ்சு பேரும் ஒண்ணா நிக்கிற மாதிரி ஒரு போட்டோ இல்ல" என்றார். எங்கள் வேலை என்னவென்று அந்த ஒரு வரியிலேயே புரிந்துவிட்டது.

சென்னைக் கல்யாணங்களில் இது அடிக்கடி நடப்பதுதான், அதற்குக் காரணமும் தெளிவாகவே இருக்கிறது. வரவேற்பில் மேடை திறந்ததும் வரிசை தொடங்கிவிடும். ஒரு குடும்பம் படியேறி, பரிசைக் கொடுத்து, நின்று, சிரித்து, இறங்க எப்படியும் 40 விநாடி ஆகும். 7 மணியிலிருந்து 10 மணி வரை மூன்று மணி நேரத்தில் இடைவிடாமல் போனாலும் 270 குடும்பங்கள்தான் ஏறி இறங்க முடியும். எண்ணூறு பேருக்கு அழைப்பு கொடுத்த வீட்டில் அந்த நேரம் விருந்தினருக்கே சரியாகப் போய்விடும். சொந்த வீட்டு ஆட்கள் "நாம எங்க போயிடப் போறோம், கடைசியில எடுத்துக்கலாம்" என்று ஒதுங்கி நிற்பார்கள். அந்தக் கடைசி வரும்போது மணி பத்தேகால். தாத்தா ஏழரைக்கே சாப்பிட்டுவிட்டு அறையில் படுத்திருப்பார், குழந்தைகள் நாற்காலி இரண்டைச் சேர்த்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும், மாலை வாடியிருக்கும், மணப்பெண்ணுக்குச் சிரிக்கத் தெம்பே இருக்காது. சரி, காலையில் எடுக்கலாம் என்றால் தாலி கட்டியதும் பாதிப் பேர் டிபனுக்கு ஓடுவார்கள், வேலை நாள் என்றால் ஒன்பது மணிக்குள் ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார்கள். இந்தக் கல்யாணத்தில் கூடுதலாக இன்னொரு நெருக்கடியும் இருந்தது. வெள்ளிக்கிழமை ராகு காலம் 10.30 முதல் 12 வரை. பெண்ணும் மாப்பிள்ளையும் அதற்கு முன்பே போரூர் வீட்டுக்குள் வலது காலை வைத்தாக வேண்டும். ஆற்காடு சாலையில் அப்போது மெட்ரோ வேலை நடந்துகொண்டிருந்தது, காலை நேரத்தில் அந்தச் சாலையை நம்ப முடியாது. ஆக மண்டபத்திலிருந்து ஒன்பதேகாலுக்காவது வண்டி எடுக்க வேண்டும்.

குடும்பப் படத்துக்கென்று தனி நேரம், அதுவும் மேடை வரிசை தொடங்குவதற்கு முன்னால் ஒதுக்காவிட்டால், எவ்வளவு நல்ல கேமராவும் எவ்வளவு திறமையான ஆளும் இருந்தாலும் அந்தப் படம் அமையாது. இந்தக் கல்யாணத்துக்கு நாங்கள் போட்ட திட்டம் முழுக்க இதை வைத்துத்தான்.

பட்டியல்

கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு மாம்பலம் வீட்டில் உட்கார்ந்தோம். பெண்ணின் அம்மா, அப்பா, அண்ணி, மாப்பிள்ளையின் அக்காவும் அக்கா வீட்டுக்காரரும். யார் யார் சேர்ந்து நிற்க வேண்டும் என்று ஆளுக்கு ஆள் சொல்லச் சொல்ல எழுதினால் 41 கூட்டம் வந்தது. ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும், நடக்கிற காரியமே இல்லை. அதனால் ஒவ்வொன்றாக எடுத்து, "இது இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்து யாராவது வருத்தப்படுவார்களா" என்று கேட்டோம். ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள், காலேஜ் தோழிகள், தெருக்காரர்கள் எல்லாம் மேடைக்கோ இரவுக் கேண்டிட் படங்களுக்கோ போனார்கள். கடைசியில் நின்றவை 17. பெண்ணின் அப்பா வழியில் 5, அம்மா வழியில் 4, மாப்பிள்ளையின் அப்பா வழியில் 3, அம்மா வழியில் 3, இரு வீட்டாரும் சேர்ந்து 2.

இந்த எண்ணிக்கையை விட முக்கியம் அவற்றை அடுக்கிய வரிசை. முதலில் அப்பத்தாவை நாற்காலியில் உட்கார வைத்து இரு பக்கமும் பெண் மாப்பிள்ளை. அப்பத்தா எழுந்திருக்கவே வேண்டாம், அடுத்த படத்துக்கு அவருடைய பிள்ளைகள் ஐந்து பேரும் பின்னால் வந்து நிற்பார்கள், அதற்கடுத்து மருமகள்கள் மருமகன்கள், அதற்கடுத்து பேரன் பேத்திகள். ஒவ்வொரு படத்துக்கும் ஆட்கள் சேர்ந்துகொண்டே போவார்களே தவிர யாரும் கலைவதில்லை. கடைசிப் படம் முடிந்ததும் அப்பத்தா நேராகக் காபி குடிக்கப் போகலாம். பலர் பெரிய கூட்டத்தில் தொடங்கி ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டே வருவார்கள். அதிலும் நேரம் மிச்சம்தான், ஆனால் அந்த முறையில் எண்பது வயதுக்காரர் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருக்கும், அதோடு முதல் படத்துக்கே எல்லோரும் வந்து சேர வேண்டும், நம் ஊரில் அது நடக்காது. இரண்டு பேரோடு தொடங்கினால் அந்தப் படம் எடுக்கும்போதே மற்றவர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

தாய்மாமனுக்குத் தனியாக ஒரு படம் கட்டாயம் வைத்தோம். சீர் கொண்டு வருபவர், பெண்ணைக் கைப்பிடித்து மணமேடைக்கு அழைத்து வருபவர், அவரைக் கூட்டத்தோடு கூட்டமாக நிறுத்தினால் அந்த மனக்குறை வருஷக்கணக்கில் நிற்கும். சும்மா சொல்லவில்லை, பல வீடுகளில் பார்த்திருக்கிறோம்.

சொல்லத் தயங்கும் விஷயங்கள்

பட்டியல் முடிந்த பிறகுதான் உண்மையான பேச்சு ஆரம்பித்தது. பெண்ணின் அப்பாவும் அவருடைய தம்பியும் ஊர் நிலம் ஒன்றினால் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கு வருவார், ஆனால் அண்ணன் பக்கத்தில் நிற்கச் சொன்னால் கிளம்பினாலும் கிளம்பிவிடுவார். இதை அம்மா முன்கூட்டியே சொன்னது பெரிய உதவி. ஐந்து பேர் நிற்கும் படத்தில் அப்பா ஒரு ஓரம், சித்தப்பா மறு ஓரம், நடுவில் அத்தைகள் இருவரும் பெரியப்பாவும், முன்னால் அப்பத்தா. எங்கே நிற்க வேண்டும் என்று அந்த இடத்தில் நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பெரிய அத்தையிடம் முன்னாடியே சொல்லி வைத்திருந்தோம், அவரே தம்பியின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

அம்மாச்சி விஷயம் வேறு. கணவரை இழந்தவர், பேத்திகள் கல்யாணம் எதிலும் மேடை ஏறியதில்லை, "நல்ல காரியத்துல நான் எதுக்கு" என்பார். பெண்ணுக்கு இது ரொம்ப வருத்தம். என் கருத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பெண்ணைத் தூக்கி வளர்த்தவர் படத்தில் இல்லாமல் போவது எந்தச் சாஸ்திரத்தின் பேரிலும் சரியாகாது. ஆனால் வற்புறுத்தி மேடையேற்றினால் அவர் முகத்தில் சங்கடம்தான் தெரியும். போர்டிகோவில் படம் எடுக்கலாம் என்று நாங்கள் முடிவு செய்ததற்கு வெளிச்சம் ஒரு காரணம், அம்மாச்சி இன்னொரு காரணம். மணமேடை இல்லை, ஹோமகுண்டம் இல்லை, வாசலில் நாற்காலி போட்டு உட்காருவதுதானே. பேத்தி போய்க் கூப்பிட்டதும் மறு பேச்சு பேசாமல் வந்து உட்கார்ந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா இல்லை. அவருடைய சட்டம் போட்ட படத்தை ஒரு குடும்பப் படத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அக்கா கேட்டார். கண்ணாடிச் சட்டத்தில் ஃபிளாஷ் விழுந்தால் முகம் இருக்கும் இடத்தில் வெள்ளைப் பொட்டுதான் இருக்கும். சட்டத்தின் மேல் விளிம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் தரைப் பக்கம் திரும்பிப் போய்விடும். மாப்பிள்ளையின் அம்மா மடியில் வைத்து எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அக்காவிடம் முதல் நாளே காட்டி வைத்தோம். அந்த நேரத்தில் போய் "அப்படிச் சாய்ங்க, இப்படிச் சாய்ங்க" என்று அந்த அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருப்பது நியாயமில்லை.

நேரம் எங்கே கிடைத்தது

வியாழக்கிழமை ராகு காலம் 1.30 முதல் 3 வரை. நிச்சயதார்த்தம் அதற்குப் பிறகு 3.15-க்கு மண்டபத்திலேயே. மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் நிச்சயப் புடவையைப் பெண் கட்டிக்கொண்டு வர வேண்டும், அது எப்படியும் நல்ல பட்டுப்புடவை. வரவேற்புக்கு வேறு உடை, வேறு தலை அலங்காரம். எல்லோரும் வரவேற்பு உடையில்தான் குடும்பப் படம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், அப்படியானால் பெண் தயாராகி வரும்போதே ஆறே முக்கால் ஆகி வரிசை நின்றுவிடும். நிச்சயப் புடவையிலேயே எடுத்துவிடலாம் என்றோம். மேக்கப் செய்யும் பெண்ணிடம் பேசி, நிச்சயம் முடிந்து அதே புடவையில் 5 மணிக்கு வெளியே, 6.05-க்குத் திரும்ப உள்ளே, அங்கிருந்து வரவேற்புக்கு 45 நிமிடம் என்று ஒப்புக்கொள்ள வைத்தோம். இரு வீட்டாருக்கும் நிச்சயம் முடிந்த பிறகு ஜோடியாக நிற்பதில் ஆட்சேபணை இல்லை. ஆவணியில் சென்னையில் சூரியன் மறைய ஆறேகால் ஆகும். மாடியிலோ அந்த நேரத்தில் டெக்கரேஷன்காரர்கள் ஏணி போட்டுப் பூ கட்டிக்கொண்டிருப்பார்கள், மேடை நமக்குக் கிடைக்காது. ஆக 5.10 முதல் 6.05 வரை, போர்டிகோ.

ஆட்களைக் கூப்பிட இரண்டு பேர். பெண் வீட்டில் அண்ணி, மாப்பிள்ளை வீட்டில் அக்கா வீட்டுக்காரர். இதற்கு அந்த வீட்டுக்குக் கல்யாண உறவில் வந்தவர்கள்தான் சரியான ஆட்கள் என்பது என் அனுபவம். முகம் எல்லாம் தெரியும், பெரியவர்களிடம் மரியாதையாகவும் கறாராகவும் பேச முடியும், பாதிப் படங்களில் அவர்கள் நிற்க வேண்டியதும் இல்லை. இருவர் கையிலும் பெரிய எழுத்தில் அச்சடித்த தாள், பெயரோடு உறவுமுறையும். மைக்கில் கூப்பிட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னோம். மைக்கில் "குடும்பத்தார் வரவும்" என்றால் மண்டபமே வரும்.

வியாழக்கிழமை

மதுரைக்காரர்கள் பாண்டியன் எக்ஸ்பிரஸில் காலையிலேயே எழும்பூர் வந்து இறங்கிவிட்டதால் பெண் வீட்டுப் பக்கம் கவலையில்லை. திண்டிவனத்திலிருந்து கிளம்பிய வேன்தான் பெருங்களத்தூர் அருகே ஜிஎஸ்டி சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டது. 5 மணிக்குத் தகவல் வந்தது. பட்டியல் நான்கு வழிகளாகத் தனித்தனியே பிரிந்திருந்ததால் பெரிய குழப்பமில்லை, மாப்பிள்ளையின் அப்பா வழியை அப்படியே கடைசிக்குத் தள்ளிவிட்டு அப்பத்தாவிலிருந்து தொடங்கினோம்.

தொழில்நுட்ப விவரம் கேட்பவர்களுக்காக: 35 மி.மீ. லென்ஸ், லென்ஸ் திறப்பு f/7.1 (எண் கூடினால் திறப்பு சிறிது), 1/160 விநாடி, ஐஎஸ்ஓ எனப்படும் ஒளி உணர்திறன் 800, கேமரா டிரைபாடில். குடை மாட்டிய இரண்டு ஃபிளாஷ், கேமராவுக்கு இரு பக்கமும், தலைக்கு நன்றாக மேலே. உயரத்தில் வைத்தால்தான் மூக்குக் கண்ணாடிகளில் பளபளப்பு விழாது. இரண்டு மூன்று வரிசை நிற்கும்போது f/2.8-இல் எடுத்தால் முன்னால் உட்கார்ந்திருப்பவர் தெளிவாகவும் பின்னால் நிற்கும் மருமகன் கலங்கலாகவும் வருவார், அதற்குத்தான் f/7.1. 35-ஐ விட அகலமான லென்ஸ் போட்டால் ஓரத்தில் நிற்பவர்கள் பருமனாகத் தெரிவார்கள், ஓரத்தில் நிற்பது பெரும்பாலும் அத்தைகள்தான், ஆல்பம் வந்ததும் முதலில் கேட்பவர்களும் அவர்கள்தான். இடம் இருந்தால் பின்னால் போவதே நல்லது, போர்டிகோ அதற்கு இடம் கொடுத்தது. நாற்காலி ஐந்து, குழந்தைகளுக்கு முன்னால் ஜமக்காளம். கைப்பை, செல்போன், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றுக்கும் ஓரமாக ஒரு மேசை. சட்டைப் பையில் துருத்தும் செல்போனைக் கவனித்து வாங்கி வைக்க ஒரு உதவியாளர்.

கண் மூடும் பிரச்சினைக்கு ஒரு கணக்கே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ அறிவியல் ஆராய்ச்சி அமைப்பைச் சேர்ந்த நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்ஸும் இதைக் கணக்கிட்டு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசை 2006-இல் வாங்கினார்கள். இருபது பேருக்குள் இருந்தால் நல்ல வெளிச்சத்தில் ஆள் எண்ணிக்கையை மூன்றால், வெளிச்சம் குறைவென்றால் இரண்டால் வகுத்து அத்தனை படம் எடுங்கள் என்பது அவர்கள் சொன்ன வழி. பன்னிரண்டு பேருக்கு நான்கு, மங்கலான இடத்தில் ஆறு. நாங்கள் இதைத்தான் பின்பற்றுகிறோம். அதற்கு மேல் கூட்டம் பெரிதானால் எத்தனை எடுத்தாலும் ஒருவராவது கண்ணை மூடியிருப்பார், அதனால்தான் டிரைபாட்: கேமரா அசையாமல் இருந்தால் அடுத்த படத்திலிருந்து அந்த ஒரு முகத்தை மட்டும் எடுத்துப் பொருத்திவிடலாம். அப்புறம், "ரெடி ஒன் டூ த்ரீ" என்று எண்ணுவதை விட எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி மூன்று என்றதும் திறக்கச் சொன்னால் பலன் அதிகம், பெரியவர்களுக்கும் அதில் தானாகச் சிரிப்பு வருகிறது.

படம் எடுப்பவருக்குப் பக்கத்தில் நின்று செல்போனில் எடுக்கும் சொந்தக்காரர்களை விரட்டக் கூடாது, ஆனால் ஒரே நேரத்தில் எடுக்கவும் விடக் கூடாது. ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் படம் முடிந்ததும் "இப்ப செல்போன்காரங்க எடுத்துக்கலாம்" என்று பத்து விநாடி கொடுத்தோம். எல்லோருக்கும் திருப்தி.

5.40-க்கு இடி, பின்னாலேயே மழை. ஆவணி மாலையில் சென்னையில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். கூரைக்குக் கீழே இருந்ததால் யாரும் நனையவில்லை, ஆனால் வெளிச்சம் சட்டென்று இறங்கியது. ஐஎஸ்ஓவை 1600-க்கு ஏற்றி, ஃபிளாஷ் சக்தியையும் அதற்கேற்ப மாற்றித் தொடர்ந்தோம். மழைக்கு ஒதுங்கியவர்கள் எல்லாம் போர்டிகோவுக்குள் வந்து நின்றதில் அண்ணிக்குத்தான் தொண்டை கட்டியது. அப்படியும் 6.05-க்குப் பெண்ணை உள்ளே அனுப்பும்போது 11 படங்கள் முடிந்திருந்தன.

அம்மா வழியில் ஒன்று விடுபட்டது. பெரியம்மா குடும்பம் முழுதாக நிற்க வேண்டியது, பெரியப்பா அம்பத்தூரில் ஷிப்ட் முடிந்து வர எட்டரை ஆகிவிட்டது. அவர்கள் வரிசையில் வந்து மேடையில்தான் நின்றார்கள். படம் இருக்கிறது, ஆனால் பின்னால் எல்இடி சுவர், பக்கத்தில் பரிசுப் பை வாங்கும் ஆள் என்று மற்ற படங்களோடு சேராமல் தனியாகத் தெரிகிறது. வார நாளில் வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்களின் படத்தை வியாழன் மாலையில் வைக்காமல் வெள்ளிக் காலைக்கு மாற்றுவதுதான் சரி.

திண்டிவனம் வேன் 6.20-க்கு வந்தது. மாப்பிள்ளையின் ஆயா, பெரியப்பாக்கள், அத்தைகள் எல்லோரையும் அக்கா வீட்டுக்காரர் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக விடாமல், ஆளுக்கொரு காபியைக் கையில் கொடுத்து மாடியில் மேடைக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டார். 6.55-க்குப் பெண் வந்ததும், வரிசையை ஒருவர் மறித்து நிற்க, மூன்று படமும் ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. அப்பாவின் சட்டம் வைத்த படமும் இதில்தான். 7.05-க்கு வரிசை திறந்தோம்.

வெள்ளிக்கிழமை காலை

இரு வீட்டாரும் சேர்ந்த இரண்டு படங்களைத் தாலி கட்டிய பிறகு, கூறைப் பட்டில், மாலையோடு என்று வைத்திருந்தோம். இதில் யார் விடுபடுவார்கள் என்பது முன்பே தெரியும்: பெண்ணின் அப்பா பந்தியில் நிற்பார், மாப்பிள்ளையின் பெரியப்பா மொய் டேபிளில் இருப்பார். கல்யாணத்தை நடத்துகிறவர்களே கல்யாணப் படத்தில் இல்லாமல் போவது நம் வீடுகளின் வழக்கமாகிவிட்டது. அதனால் மொய் நோட்டுக்கு இருபது நிமிடம் மாற்று ஆள், பந்திக்குப் பெண்ணின் அப்பாவுடைய நண்பர் ஒருவர் என்று முதல் நாள் இரவே பேசி வைத்தோம். அம்மி மிதித்து அருந்ததி பார்த்து முடிந்ததும் 7.50-க்கு, அறுபது பேருக்கு மேல், மேடையின் முன்படிகளிலேயே நான்கு வரிசையாக நின்றார்கள். படிகள் இருந்தால் நாற்காலி, ஸ்டூல் எதுவும் தேவையில்லை, உயரம் தானாக அமைந்துவிடும். நான் எதிரே ஏணியில், f/9. பெண்ணின் அப்பா பந்தியிலிருந்து வரும்போது தோளில் துண்டோடு வந்தார், எடுக்கட்டுமா என்று கேட்டதற்கு அப்படியே இருக்கட்டும் என்றார் அவர் மனைவி. 8.10-க்கு எல்லாம் முடிந்து டிபனுக்கு அனுப்பினோம், 9.15-க்கு வண்டி கிளம்பி ராகு காலத்துக்கு முன்பே போரூர் போய்ச் சேர்ந்தது.

ஆல்பம் வருவதற்கு முன்பாகவே குடும்பப் படங்களை மட்டும் தனியாக 12 x 18 அங்குலத்தில் அச்சடித்துக் கொடுத்தோம். ஒவ்வொன்றின் பின்னாலும் வரிசைப்படி பெயரும் உறவும், அண்ணி கையில் இருந்த அதே தாளைப் பார்த்து. மாப்பிள்ளையின் அக்கா அந்தத் தாளை இப்போது எங்களிடமிருந்து கேட்டு வாங்கியிருக்கிறார், அவருடைய நாத்தனார் கல்யாணம் தை மாதம். அதில் வெள்ளிக் காலைப் படங்கள் இரண்டாக இருந்ததை நான்காக்கி, திண்டிவனம் வேன் காலை பத்து மணிக்கே கிளம்ப வேண்டும் என்று முதல் வரியிலேயே எழுதி வைத்திருக்கிறார்.